பட்டிப்பொலவில் தங்கிய ஏழு கோல்கள்

இலங்கைப் புகையிரதப் பாதையில் மிக உயரத்தில் அமைந்த நிலையம் பட்டிப்பொல. கடல் மட்டத்திற்கு மேல் 1,891 மீற்றர். 2023-ஆம் ஆண்டு சித்திரை விடுமுறையில் ஒரு நாள் நண்பகல், நாமும் நம் நண்பர் ஒருவரும் அந்நிலையத்தின் மேடையில் பதுளை வண்டியை எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்தோம். வெயில் இருந்தும் குளிர் விடவில்லை. நண்பரின் காலடியில் நீண்ட தோற்பை ஒன்று சாய்ந்து கிடந்தது. கோல்ப் விளையாட்டுக்குரிய பை அது. மூன்று நாட்களுக்கு முன் கொழும்பில் வண்டியேறிய போது அதனுள் பதினான்கு கோல்கள் இருந்தன. அன்று ஏழுதான் இருந்தன. குறைந்துபோன ஏழும் ஜப்பானில் செய்யப்பட்ட விலையுயர்ந்த இரும்புக் கோல்கள். அவை களவு போகவில்லை, விற்கப்படவும் இல்லை. அவை பட்டிப்பொலவில் தங்கிய வரலாற்றையே இங்கு எழுதப் புகுந்தோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாம் கல்லூரியில் பௌதிகம் கற்பிப்பவர். கோல்ப் ஆடியவர் அல்லர். அது பெரிய இடத்து விளையாட்டு என்ற எண்ணத்தோடே வளர்ந்தோம். அவ்வெண்ணம் முற்றிலும் தவறென்று இன்றும் நமக்குத் தோன்றவில்லை. நண்பரோ பள்ளித் தோழர்; கொழும்பில் பொறியியலாளர். நாற்பத்தைந்து வயதில் வைத்தியர் அவரை நடக்கச் சொன்னார். வெறுமனே நடக்க வெட்கப்பட்டு, பந்தொன்றை அடித்துவிட்டு அதன் பின்னே நடக்கத் தொடங்கினார். ஆறு மாதத்தில் நடை மறந்துபோயிற்று. கோல் மட்டும் நினைவில் நின்றது. கோல்ப் என்னும் சொல்லிலேயே நம் தமிழ்க் கோல் ஒளிந்திருப்பதாகச் சொல்லிச் சிரிப்பார் நம் கல்லூரித் தமிழாசிரியர். சிரிப்பதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

இவ்விளையாட்டை அறியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஆட்டக்காரர் ஒருவர் பதினான்கு கோல்களுக்கு மேல் எடுத்துச் செல்லலாகாது என்பது விதி. நெடுந்தூரம் அடிப்பதற்குப் பருத்த தலையுடைய கோல்கள் சில. குழியருகே பந்தை உருட்டுவதற்கு ஒன்று. இவற்றுக்கு நடுவே எண்ணிடப்பட்ட இரும்புக் கோல்கள். எண் ஏற ஏற இரும்பின் முகம் மேல்நோக்கிச் சாய்ந்துகொண்டே போகும்; தண்டும் அரை அங்குலம் அரை அங்குலமாகக் குறுகும். ஆகவே நாலாம் எண் பந்தைத் தாழ்வாகவும் தூரமாகவும் அனுப்பும். ஒன்பதாம் எண் உயரத் தூக்கிக் கிட்டத்தில் இறக்கும். இன்ன தூரத்துக்கு இன்ன எண் என்று தேர்ந்தெடுப்பதில்தான் ஆட்டத்தின் பாதி அடங்கியிருக்கிறது. எந்தக் கம்பெனியின் இரும்பை வாங்குவது என்பது அதற்கு முந்திய தேர்வு. நண்பர் இரண்டிலும் தவறினார் என்பதை அவருடைய சம்மதத்தோடே எழுதுகிறோம்.

உத்தியோக நிமித்தம் ஒசாக்காவுக்குச் சென்றிருந்த அவர் அங்கே ஒரு கடைக்குள் நுழைந்தார். கடைக்காரர் இவரை இருபது தடவை பந்தடிக்கச் செய்து, அடி இரும்பின் எப்பகுதியில் விழுகிறதென்று கருவியில் பார்த்தார். பின்பு, முதுகுப்புறம் குடைந்து ஓரங்களில் கனத்தைச் சேர்த்த வகையொன்றை எடுத்து வைத்தார். காவுதடி தூக்கிச் செல்பவரைக் கவனித்தவர்களுக்கு இதன் சூட்சுமம் எளிதில் விளங்கும். இரு முனையிலும் பாரம் தொங்கும் தடியைச் சட்டென்று திருப்ப முடியாது. அவ்வாறே, ஓரம் கனத்த இரும்பு, பந்து நடுவில் படாவிட்டாலும் கையில் அதிகம் திரும்பாது. அடித்தவரின் பிழையைப் பாதி மன்னித்துவிடும். நண்பருக்கு அது பிடிக்கவில்லை. மறு தட்டில் இருந்த, முதுகு குடையாத, கத்தி போன்று மெலிந்த வகையைக் கண்டதும் மனம் அங்கே ஒட்டிக்கொண்டது. கடைக்காரர் மரியாதையாகத் தலை குனிந்தார். இரண்டாம் முறை மறுக்கவில்லை. ஏழு கோல்களுக்கு ஏறத்தாழ 2,000 டாலர். கம்பெனியின் பெயரை எழுதினால் விளம்பரமாகிவிடும், விட்டுவிடுகிறோம்.

ஜப்பானிய இரும்புக்கு இத்தகைய பெயர் வந்தது எவ்வாறு? அந்நாட்டில் இவ்விளையாட்டு வேரூன்றிய கதையில் தேயிலை மணம் வீசுகிறது என்பது மலைநாட்டாருக்கு வியப்பாக இருக்கலாம். கோபே நகரில் தேயிலை வணிகம் செய்த ஆர்தர் குரூம் என்னும் ஆங்கிலேயர் ரொக்கோ மலையுச்சியில் 1901-இல் நான்கு குழிகளோடு ஒரு மைதானம் அமைத்தார். 1903-இல் அது கழகமாயிற்று. ஜப்பானின் முதற் கோல்ப் கழகம் அதுவே. கோல்கள் அப்போது கடல் கடந்துதான் வந்தன. 1930-ஆம் ஆண்டளவில், அதே ஹியோகோ மாகாணத்தில் இச்சிக்காவா என்னும் சிற்றூரில், உள்நாட்டு இரும்புக் கோல் முதன்முதலாகச் செய்யப்பட்டது. பேர்பெற்ற மியுரா பட்டறை இன்றும் அப்பகுதியிலே இருக்கிறது. ஒசாக்காவில் 1906-இல் விளையாட்டுப் பொருட் கடையாகத் தொடங்கிய மிசுனோ 1933-இல் கோல்ப் கோல்கள் செய்ய முற்பட்டது. டைகர் வூட்ஸ் 1997-இல், தம் இருபத்தோராம் வயதில், அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் பந்தயத்தைப் பன்னிரண்டு அடி வித்தியாசத்தில் வென்றபோது அவர் பையில் இருந்தவை மிசுனோ இரும்புகளே. அந்த ஒரு வாரம் விற்றுக் கொடுத்த இரும்புகளை எந்த விளம்பரமும் விற்றிராது.

சாமுராய் வாள் செய்த கைகளே இவற்றையும் செய்கின்றன என்று நண்பர் நானுஓயா வரையில் நமக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். அது பாதி உண்மை. வாளின் விளிம்புக்கு வேண்டியது கரி மிகுந்த கடின உருக்கு. இக்கோல்களுக்கு எடுப்பதோ நூற்றில் கால் பங்களவே கரி கலந்த மென்மையான இரும்பு. காய்ச்சிச் சிவந்த கோலை அச்சில் வைத்துப் பலமுறை அடித்து உருவாக்கி, மேலே நிக்கலும் குரோமும் பூசுவார்கள். சாதாரணக் கோல்களின் தலை உருக்கி வார்க்கப்படுகிறது; இது அடித்துச் செய்யப்படுகிறது. மென்மையாதலால், ஆளின் உயரத்துக்கேற்பக் கழுத்தை ஓரிரு பாகை வளைத்துக் கொடுக்க இயலும். நடுவில் பந்து பட்டால், பட்டதே தெரியாது என்று ஆடுபவர்கள் சொல்லுவார்கள். நடுவில் படாவிட்டால்? அதை நண்பரின் முகத்தில் பார்த்தோம்.

நுவரெலியாக் கோல்ப் கழகம் 1889-இல் தோன்றியது. கொழும்பில் அதற்குப் பத்தாண்டு முன்பே ஒரு கழகம் ஏற்பட்டிருந்தது. ஆயினும் அழகில் நுவரெலியாவுக்கு ஈடு சொல்லக் கூடியதொன்றை நாம் கண்டதில்லை. நகரின் நடுவே, தெருவோரத்திலேயே, பதினெட்டுக் குழிகளும் ஓடைகளும் சைப்பிரஸ் மரங்களுமாக விரிந்து கிடக்கிறது. துரைமார் தேயிலைக் காட்டில் ஆறு நாள் அதிகாரம் செய்துவிட்டு ஏழாம் நாள் தம் ஸ்கொத்லாந்தை நினைத்து ஏங்குவதற்கென அமைத்த இடம் என்று சொல்லலாம். துரைமார் போய்விட்டார்கள். புல் இருக்கிறது. அன்று முதல் இன்று வரை அப்புல்லின் மேல் பை சுமந்து நடப்பவர்களில் சுற்றுவட்டாரத்து மலையகத் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் நம் செவியில் போக்கிரியைக் குறிக்கும் ‘கேடி’ போல விழுவதால், பை சுமப்பவர் என்றே எழுதுகிறோம்.

நண்பருக்கு வாய்த்தவர் இருபது வயதிருக்கும் ஓர் இளைஞர். ஒடிசலான தேகம், பேச்சு குறைவு. மூன்றாம் குழிவரை பையை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். நான்காவதில்தான் வாய் திறந்தார். குழிக்கு இன்னும் 150 கெஜம் இருந்தது. நண்பர் ஏழாம் எண்ணை உருவினார்.

“சேர், ஏழு வேணாங்க. எட்டு போதும்.”

“நூற்றைம்பதுக்கு எனக்கு எப்போதும் ஏழுதான், தம்பி.”

“அது கொழும்புக் கணக்குங்க சேர். இங்க மலையும் கொஞ்சம் தூக்கிக் குடுக்கும்.”

நண்பர் சிரித்துவிட்டு ஏழால் அடித்தார். அன்றைக்கு அவர் நடுவில் அடித்த சில அடிகளில் அதுவும் ஒன்று என்பது விதியின் விளையாட்டு. பந்து குழியைத் தாண்டி, புல்மேடையைத் தாண்டி, பின்னாலிருந்த ஓடைக்குள் விழுந்தது.

மலை தூக்கிக் கொடுக்கும் என்று அவர் சொன்னதை நாம் வகுப்பில் அரை மணி நேரம் கரும்பலகையில் எழுதி விளக்குவோம். நுவரெலியாவின் உயரத்தில் காற்றின் செறிவு கொழும்பினதைவிட ஏறத்தாழ ஆறிலொரு பங்கு குறைவு. காற்று ஐதானால் பந்தைத் தடுக்கும் விசையும் குறையும். சுழலும் பந்தை மேலே தாங்குவதும் அதே காற்றுத்தான்; ஆதலால் லாபம் முழுதும் கிட்டாது. குளிரில் பந்தின் துள்ளலும் சற்று மட்டுப்படும். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் 150 கெஜம் போகும் அடி 160 போகும். அடுத்தடுத்த எண்களுக்கிடையிலான வித்தியாசமும் ஏறக்குறைய அவ்வளவே. எட்டு போதும் என்றால் எட்டு போதும். பரீட்சைத் தாளில் இவ்வினாவை இட்டால் நம் மாணவரில் எத்தனை பேர் சரியாக எழுதுவர் என்று எண்ணிக்கொண்டோம். சற்று வெட்கமாகவும் இருந்தது.

அதன்பின் இளைஞர் எடுத்துக் கொடுத்த எண்ணையே நண்பர் கையில் வாங்கினார். எண் சரியாயிற்று, அடி சரியாகவில்லை. பாதி அடிகள் இரும்பின் நுனியிலும் மற்றப் பாதி அடிப்புறத்திலும் பட்டன. பட்ட ஒவ்வொரு தடவையும் குளிரில் விறைத்த விரல்களுக்குள் மின்சாரம் பாய்ந்தாற் போலக் கையை உதறினார். இரண்டு மாதம் பழகிய அந்த இரும்புகளின் முகத்தை இளைஞர் துடைக்கும்போது நாமும் பார்த்தோம். கீறல்கள் ஓரத்திலும் உண்டு, நுனியிலும் உண்டு. ஒரே இடத்தில் சேர்ந்திருக்கவில்லை.

பிற்பகல் இரண்டு மணிக்குப் பிதுருதலாகல மலையை முகில் மூடிற்று. இடி முழங்கியதும் எல்லோரும் கோல்களைப் பைக்குள் தள்ளிக்கொண்டு ஒதுங்கினர். திறந்த வெளியில் இரும்பு பிடித்து நிற்பது எத்தகைய ஆபத்து என்பதற்கு அம்மைதானத்தருகிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்திய மேஜர் ரொஜர்ஸ் 1845-இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவருடைய கல்லறை இங்கேதான் உள்ளது. யானைகளின் சாபம் என்பார்கள் ஊரார். அமெரிக்க ஆட்டக்காரர் லீ திரெவினோ 1975-இல் சிக்காகோவுக்கருகே மைதானத்தில் மின்னலால் தாக்குண்டும் பிழைத்துக்கொண்டார். அவர் எந்த யானையையும் கொன்றதாகத் தெரியவில்லை.

தகரக் கூரையின் கீழ், மழையின் இரைச்சலுக்கிடையே, இளைஞர் சற்று மனம் விட்டுப் பேசினார். வீடு பட்டிப்பொலவில். சுமார் இருபது கிலோமீற்றர். விடியுமுன் பஸ் ஏறி வந்துவிடுவார். பதினாலு வயதிலிருந்து விடுமுறை நாட்களில் பை சுமக்கிறார். தாமும் ஆடுவதுண்டு. இரண்டு இரும்புகள் சொந்தமாக இருக்கின்றன, ஆறாம் எண்ணும் ஒன்பதாம் எண்ணும்; வேறு வேறு கம்பெனி. தொழில்முறை ஆட்டக்காரராவதற்கான தேர்வில் என்றைக்காவது நிற்க வேண்டும் என்பது ஆசை.

“பெங்களூர் முனியப்பா தெரியுமுங்களா சேர்?” என்று கேட்டார்.

நமக்குத் தெரியாது. நண்பர் சொன்னார். சின்னசாமி முனியப்பா பெங்களூர் மைதானத்தில் பை சுமந்து வளர்ந்தவர். 2009-இல் இந்திய ஓப்பன் பந்தயத்தையே வென்றவர். இளைஞர் அப்பெயரைச் சொன்ன மாதிரியில், நம் ஊர்ப் பிள்ளைகள் சினிமா நடிகர் பெயரைச் சொல்லும் துள்ளல் இல்லை. பக்கத்து வீட்டு அண்ணன் உத்தியோகம் கிடைத்துப் போனதைச் சொல்வது போல் இருந்தது.

மறுநாள் சீதா எலிய கோயிலில் அம்மனைத் தரிசித்துவிட்டு வந்தோம். மூன்றாம் நாள் நாம் அப்புத்தளையிலுள்ள உறவினர் வீட்டுக்குச் செல்ல வேண்டும். பட்டிப்பொலவில் வண்டியேறுவதென்று ஏற்பாடாதலால், இளைஞர் தம் வீட்டுக்கு வந்துபோகும்படி அழைத்ததை மறுக்க முடியவில்லை. அம்பேவெலவின் பால் பண்ணைகளைக் கடந்து வாகனம் ஏறிற்று. ஹட்டனிலும் நானுஓயாவிலும் கண்ணுக்கெட்டிய தூரம் படர்ந்த தேயிலை இங்கே அருகிப்போகிறது. காடும், சரிவுகளில் லீக்ஸ், கரட், உருளைக்கிழங்குப் பாத்திகளும் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. மரங்களிலெல்லாம் பாசி தொங்குகிறது. ஈரம் உலராத ஊர்.

வீடு சிறிது, முற்றம் பெருக்கித் துப்புரவாக இருந்தது. தந்தையார் நானுஓயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருபத்திரண்டு வருடம் கவ்வாத்து வெட்டியவர். பின்பு மனைவியின் ஊராகிய இங்கே வந்து குத்தகை நிலத்தில் கிழங்கு போடுகிறார். “வாங்க சேர், உள்ளுக்கு வாங்க” என்று உபசரித்தார். ரொட்டியும் சம்பலும் வந்தன. கொதிக்கக் கொதிக்கச் சாயத் தண்ணி வந்தது. சுவாமிப் படத்தின் கீழே பலகையொன்றில் கவ்வாத்துக் கத்தி இருந்தது. அதற்குப் பக்கத்தில் அந்த ஆறாம் எண் இரும்பு. இரண்டிலும் பழைய சந்தனப் பொட்டின் மிச்சம் காய்ந்து ஒட்டியிருந்தது. முந்திய ஆயுத பூசைக்கு வைத்தது என்றார் தாயார். பிடியில் தோல் போய்விட்டதால் சைக்கிள் டியூபைக் கீறிச் சுற்றியிருந்தார் மகன்.

வீட்டுக்குப் பின்னே கிழங்கு கிளறி முடிந்த ஒரு துண்டு நிலம்; அதன் ஓரத்தில் புல் வரப்பு. அங்கேதான் அவர் பழகுவது. தம் ஆறாம் எண்ணால் ஐந்து பந்துகளை எதிர்ச் சரிவிலிருந்த ஒற்றைக் கற்பூர மரத்தை நோக்கி அடித்தார். ஐந்தும் மரத்தடியில் விழுந்தன. நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு பையைத் திறந்து ஜப்பானிய ஏழாம் எண்ணை நீட்டினார்.

முதல் அடி நன்றாகப் பட்டது. ஓசை கூட வேறாக இருந்தது. இரண்டாவது சற்று நுனியில் பட்டது போலும். இளைஞர் கோலை இறக்கி அதன் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். தம் வலக்கையைப் பார்த்தார். கால்களைச் சிறிது நகர்த்தி வைத்து மூன்றாவதை அடித்தார். அது மரத்தின் மேலேயே விழுந்தது.

“எப்படி இருக்கு?” என்றார் நண்பர்.

“சொல்லிக் குடுக்குதுங்க சேர்.”

“என்ன சொல்லிக் கொடுக்கிறது?”

“என்னோடதுல தப்பா அடிச்சாலும் பந்து போயிடும். தப்பு பண்ணுனது எனக்கே தெரியாது. இது உடனே கையில சொல்லிப்புடுது. எங்க பட்டிச்சுன்னு கூடத் தெரியுது.” சிறிது தயங்கி, “சேருக்குத்தான் கை வலிக்கும்” என்றும் சேர்த்துக்கொண்டார்.

நண்பர் உரக்கச் சிரித்தார். நாம் சிரிக்கவில்லை. ஆசிரியத் தொழிலில் இருபது ஆண்டு கழித்தவர் ஒருவருக்கு அச்சொல் எங்கே தைக்குமோ அங்கே தைத்தது. பிழையைச் சுட்டுகின்ற கருவி கற்கிறவனுக்கு வேண்டும். பொழுதுபோக்குக்கு ஆடுபவருக்குப் பிழையை மன்னிக்கின்ற கருவியே போதும். ஒசாக்காக் கடைக்காரர் இதைத்தான் சொல்ல முயன்றிருக்கிறார். ஆனால் உலகத்தில் எது யார் கையில் இருக்கிறது என்பதைக் காசு தீர்மானிக்கிறது. 2021-இல் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,000 ரூபாயாக்கப்பட்டது. நாம் சென்றபோதும் அவ்வளவே. டாலரோ 2022-ஆம் ஆண்டின் வீழ்ச்சிக்கு முன் 200 ரூபாயளவில் இருந்தது, அப்போது 320 ரூபாய் ஆகியிருந்தது. 2,000 டாலரை அக்கூலியால் வகுத்தால் 640 நாள் வரும். 2024-இல் கூலி 1,350 ஆயிற்று. அப்போதும் அதே தொகைக்கு 474 நாள். உண்ணாமல் உடுக்காமல் சேர்த்தால் வரும் கணக்கு இது.

நண்பர் பொறியியலாளர், கணக்கு அவருக்கும் தெரியும். ஏழையும் பாதி விலைக்குத் தருகிறேன், மாதாமாதம் இயன்றதைக் கொடுத்தால் போதும் என்றார். மகனின் முகம் ஒளிர்ந்தது. தந்தையாரின் முகம் மாறிற்று.

“வேணாங்க சேர். எங்க பாட்டன் பூட்டன் காலத்துல துண்டு எழுதித்தான் தோட்டத்துக்குத் தோட்டம் மாத்துனாங்களாம். கடன்னு ஒரு கடதாசி இந்த வீட்டுக்குள்ள வரவேணாம்.”

துண்டு என்பதை இளைய வாசகர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். இன்ன தொகை கடனைத் தீர்ப்பவர் இத்தொழிலாளரை அழைத்துச் செல்லலாம் என்று ஒரு தோட்டம் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டம் அக்கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் மட்டும் ஆளோடு கூடவே நடந்து வரும். 1921-இல் சட்டத்தால் அது ஒழிக்கப்பட்டது. நூறாண்டு கழித்தும் அச்சொல் ஒரு கிழங்குத் தோட்டக்காரரின் நாவில் உயிரோடிருப்பதை அன்று கேட்டோம்.

அப்படியானால் இனாமாக வைத்துக்கொள்ளட்டும் என்றார் நண்பர். அதற்கும் அவர் இசையவில்லை. சும்மா வாங்கினால் பிள்ளைக்குக் கை கூசும் என்றார். பேச்சு அங்கே நின்றுவிட்டது. தாயார் இரண்டாம் முறை சாயத் தண்ணி கொண்டுவந்தார். மகன் அந்த ஏழாம் எண்ணைத் துணியால் துடைத்துப் பைக்குள் வைத்துவிட்டார். வைத்த பின்பும் கை பையின் மேலேயே இருந்தது.

வழி காட்டியவர் தந்தையார்தான். “சேர் வருஷத்துக்கு எத்தனை தடவை நுவரெலியா வருவீங்க?” என்று கேட்டார். இரண்டு மூன்று தடவை என்றார் நண்பர். “அந்த நேரம் இதைத் தூக்கிக்கிட்டு வருவானேன்? இங்கயே இருக்கட்டும். பையன் துருப்பிடிக்காம பார்த்துக்குவான். சேர் வந்தா கொண்டாந்து குடுப்பான். சும்மா கெடக்கிற நேரம் அவனும் தொட்டுப் பார்க்கட்டும்.”

கவ்வாத்துக் கத்தியை இருபத்திரண்டு வருடம் பேணியவருக்கு இரும்பின் சுபாவம் தெரிந்திருந்தது. மென்மையான அவ்விரும்பு, பூச்சு தேய்ந்த இடத்தில் மிக எளிதில் துருவேறும். பட்டிப்பொலவின் மூடுபனியில் ஒரு வாரம் கவனியாது விட்டாலே போதும். ஆடி முடித்ததும் ஈரம் துடைத்து, சாம்பல் கணப்புக்கு எட்டத்தில் உலர்த்தி, எண்ணெய்த் துணியால் தடவி, சாக்கில் சுற்றிவைக்க வேண்டும் என்று மகனுக்கு அங்கேயே உத்தரவாயிற்று. பராமரிப்புக்கு ஏதேனும் தரலாமா என்று நண்பர் கேட்க வாயெடுத்ததை நாம் கண்ணால் தடுத்தோம். ஏழு இரும்புகளும் எண் வரிசையில் சாக்கின் மேல் வைக்கப்பட்டன. தந்தையார் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.

வண்டி முக்கால் மணி நேரம் பிந்தி வந்தது. பட்டிப்பொலவை விட்டதும் பாதை இன்னும் சிறிது ஏறி, 6,226 அடி என்று பலகை நாட்டிய உச்சியை அடைகிறது. அப்பால் சுரங்கம், சுரங்கத்தின் மறுபுறம் ஊவா. ஒரு பக்கம் மழையும் மறு பக்கம் வெயிலுமாக இருப்பதைப் பலரும் கண்டிருப்பார்கள். அன்றும் அப்படித்தான் இருந்தது. நண்பர் பையைத் தூக்கி மேல்தட்டில் வைத்தார். பாரம் குறைந்துவிட்டது என்றார். ஒகிய தாண்டும்வரை வேறொன்றும் பேசவில்லை. அதன்பின், ஒசாக்காக் கடைக்காரரின் அட்டை எங்கோ இருக்க வேண்டுமென்று பணப்பையைக் குடையத் தொடங்கினார்.

முதுகு குடைந்த வகையொன்றை அவர் அடுத்த வருடம் வாங்கிக்கொண்டார். கொழும்பில் அதனால்தான் ஆடுகிறார், கை வலி இல்லை. நுவரெலியாவுக்குப் போகும்போது மட்டும் பட்டிப்பொல இரும்புகள் அவரிடம் வருகின்றன, மாலையில் திரும்பிச் செல்கின்றன. இளைஞர் முதற் தேர்வில் மூன்று அடிகளால் தவறினார். மறுபடி நிற்பதாக எழுதியிருந்தார். 2025-ஆம் ஆண்டு ஆயுத பூசையன்று அவர் அனுப்பிய படமொன்றை நண்பர் நமக்குக் காட்டினார். கவ்வாத்துக் கத்தியின் இருபுறமும் இரும்புகள் வரிசையாகச் சாத்தியிருந்தன, ஒவ்வொன்றின் கழுத்திலும் சந்தனம். ஏழாம் எண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தோம். நுனியிலும் ஓரத்திலும் நண்பர் போட்ட பழைய கீறல்கள் அப்படியே இருந்தன. நடுவில் மட்டும், ஒரு காசளவு வட்டத்தில், குரோம் தேய்ந்து வெளிறியிருந்தது.